ஆர்.சி. புதுப்பிக்கப் போன அம்பாசடரின் அடியில் துரு: வெல்டிங் போதுமா, விண்டேஜ் ஆக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் வசிக்கிறேன். அப்பா வாங்கிய 1973 மாடல் அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் அடியில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். கதவுகளுக்குக் கீழே ஒரு பக்கமும், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்திலும் ஓட்டை விழுந்தது. ‘பாடி தாங்காது’ என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். மேலே தகடு வைத்துத் தார் அடித்தால் போதும் என்கிறார் மெக்கானிக். கேரள அட்ரஸுக்கு மாற்றிவிட்டால் வண்டியைப் பார்க்கவே மாட்டார்கள் என்கிறார் ஒரு புரோக்கர். 50 வருஷம் ஆகிவிட்டதால் விண்டேஜ் ஆக்கிவிடு என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூன்று பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். வண்டியைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் தார் டப்பாவால் முடியாது.

அம்பாசடருக்கு ஜீப்பில் இருப்பது போலத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேசிஸ். கதவுகளுக்குக் கீழே பெட்டி போல ஓடும் தகடுதான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்திருக்கிறது. பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் அதைவிட மோசம். அது பிய்ந்தால் பின் ஆக்சில் இடம் மாறும், பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இன்ஸ்பெக்டர் உங்களுக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறார்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். உள்ளே கால் வைக்கும் மேட்டை (விரிப்பை) எடுத்துவிட்டு, சுத்தியல் கைப்பிடியால் தரைத்தகட்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். செத்த தகடு ‘சொத்’தென்று அமுங்கும். முன் சீட்டுக்குக் கீழே போகும் குறுக்குச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள், முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் (ஸ்பிரிங் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பி) அங்கேதான் முடிகிறது. அப்புறம் ஒரு பக்கத்தை மெதுவாக ஜாக்கில் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நிற்கும்போது ஒழுங்காக மூடிய கதவு இப்போது இடித்தால், பாடி வளைகிறது என்று அர்த்தம்.

சரியான வேலை என்பது துருவை வெட்டி எடுப்பது. பளபளவென்று நல்ல இரும்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். கதவுகளுக்குக் கீழே உள்ள பெட்டியில் உள்தகடும் உண்டு. வெளித்தகட்டை மட்டும் மாற்றுவது முகப்பூச்சு. வெட்டுவதற்கு முன்னால் வண்டியைச் சமமாகத் தாங்க வைத்து, கதவு இடைவெளியில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைப் பிடிக்க வைக்காத டிங்கரிடம் (பாடித் தகடு வேலை செய்பவரிடம்) வண்டியை விடாதீர்கள். அது இல்லாமல் வெட்டினால், வேலை முடிந்ததும் கதவு ஜென்மத்துக்கும் பொருந்தாது. பித்தளை ஒட்டு வேண்டாம், சிஓ2 வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி ஒயரையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றிய பிறகுதான் வெல்டிங்.

தார் விஷயத்துக்கு வருகிறேன். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்றில் உப்பும் உண்டு. துருவின் மேல் தார் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெளியே தெரியாமல் தகடு அரித்துக்கொண்டே இருக்கும். அடித்தகட்டில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். பழைய வண்டி விற்கும் தரகர்கள் அடியில் புத்தம் புதிதாகக் கறுப்பு அடித்து வைத்திருப்பது உங்களுக்காக அல்ல. உங்கள் வண்டியை மறுபடி காட்டும்வரை வெல்டிங்கின் மேல் பிரைமர் மட்டும் இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்க்கட்டும். பூச்சு அதற்கப்புறம்.

வாய்மொழியாகத் திருப்பி அனுப்பியது தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 45ஆம் பிரிவுப்படி, புதுப்பிக்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கேளுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் டிங்கருக்கு என்ன வேலை என்று தெரியும், அடுத்த முறை இன்னொருவர் வந்து புதுக் குறை சொல்லவும் வழியில்லை. உடன்பாடு இல்லையென்றால் 57ஆம் பிரிவில் 30 நாளுக்குள் மேல்முறையீடும் உண்டு. இருபது வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025இல் 10,000 ரூபாயாக ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, ஒரு தாளில் நாலு வரி எழுத நேரமில்லை!

புரோக்கர் சொன்ன கேரள அட்ரஸ்? வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு என்கிறது சட்டம். எல்லை தாண்டி நிஜமாகவே குடிபோகிறவர் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி மாற்றுவது வேறு கதை. பொய் அட்ரஸில் கையெழுத்துப் போடுவது நீங்கள்; புரோக்கர் எங்கேயும் கையெழுத்துப் போடமாட்டார். ஸ்பிரிங் பிய்ந்தால் அது எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துப் பிய்யாது.

விண்டேஜ் யோசனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோக வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கொக்கி. ஒன்று, அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான். உங்கள் அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது அதில் வராது. இரண்டு, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அழுகிய தகட்டுக்கு அதே அளவில், அதே வடிவில் தகடு வைப்பது பழுதுபார்ப்பு, மாற்றம் அல்ல என்பது என் கருத்து. ஆனால் எதிரே உட்காரும் அதிகாரியும் அப்படியே நினைப்பார் என்று நம்பிவிடாதீர்கள். ஆகவே வெட்டுவதற்கு முன்னும், வெட்டிய பின்னும், வெல்டிங் முடிந்ததும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய தகட்டைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தின் பக்கம் கிரைண்டரே போகக் கூடாது. எந்தப் பதிவுக்குப் போனாலும் துருவை முதலில் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். ஆர்.சி. காலாவதியான வண்டியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவது அந்தக் காரணத்தைத்தான். ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஏற்றும்போது கொக்கியை முன்பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள், பின்பக்கத்தில் கை வைக்க விடாதீர்கள்.