ராசியில்லாத கப்பலா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா தீயணைப்புத் துறையில் இருந்தவர். ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தேதியும் நிலையத்தில் மலர்வளையம் வைத்துவிட்டுத்தான் சித்திரைப் பிறப்புக்கு வீடு வருவார். அந்த நாளுக்குக் காரணமான, 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் பற்றி, ராசியில்லாத கப்பல், ஜப்பான்காரன் சதி, அதிலிருந்த தங்கம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உண்மையில் நடந்தது என்ன?

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

ராசியை விட்டுவிடுவோம். அந்தக் கப்பல் முழுசாக இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த கப்பல்களுக்கு ஈடாகக் கனடா ஒரே அச்சில் கட்டித் தள்ளிய நீராவிச் சரக்குக் கப்பல்களில் ஒன்று. 1942-இல் பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தில் கட்டியது. 7,142 டன்.

1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியபோது அதில் டார்பிடோ, கண்ணிவெடி, பீரங்கிக் குண்டு என்று சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. போர்க்காலத்தில் இது அதிசயமில்லை. கராச்சியில் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அங்கே 8,700 பஞ்சுப் பொதிகளையும் மசகெண்ணெயையும் சேர்த்து ஏற்றினார்கள். பஞ்சு கீழே, வெடிபொருள் மேலே. தூத்துக்குடிக்காரருக்குப் பஞ்சுப் பொதியைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். தீப்பிடித்தால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் நடுவுக்கு இறங்காது.

ஏப்ரல் 12-இல் பம்பாய் விக்டோரியா டாக்குக்கு வந்தது. 14-ம் தேதி பிற்பகல் 2 மணிவாக்கில் இரண்டாம் சரக்கறையில் புகை. 900 டன் தண்ணீர் அடித்தார்கள். புகையில் தீ எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அடித்த தண்ணீர் கப்பல் முழுக்கக் கொதித்தது. அந்தக் கொதிப்புக்குப் பக்கத்தில் குழாயைப் பிடித்தபடி நின்றார்கள், உங்கள் அப்பா மலர் வைத்த மனிதர்கள். 3:50-க்குத்தான் கப்பலைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. 4:06-க்கு முதல் வெடிப்பு, கப்பல் இரண்டாகப் பிளந்தது. அரைமணி கழித்து அதைவிடப் பெரிதாக இன்னொன்று. சிம்லாவில் நிலநடுக்கக் கருவி அதிர்ந்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். மொத்தச் சாவு 800-க்குக் குறையாது. சிதறிய தங்கக் கட்டிகளில் சில பிறகு தூர்வாரும்போது அகப்பட்டன என்பது உண்மை. அதற்குமேல் தங்கத்தைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

சதிக்கதை பிறந்ததற்குக் காரணம் உண்டு. மறுநாளே ஜப்பான் பிடியிலிருந்த சைகோன் வானொலி செய்தியைச் சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் தணிக்கையோ மே இரண்டாம் வாரம்வரை நிருபர்களை வாய்திறக்க விடவில்லை. விசாரணையில் வெளிவந்ததெல்லாம் நம் பக்கத்துப் பிழைகள். பஞ்சை அடுக்கிய விதம், வெடிபொருளை இறக்கத் தாமதித்தது, சரக்கறைக்குள் நீராவியைச் செலுத்தித் தீயை அமுக்காதது, தீயணைப்புப் படையை நேரத்துக்கு அழைக்காதது.

இன்னொன்றும் உண்டு. வெடிபொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். இரண்டு நாளாகத் துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைனில் அந்தக் கொடி இல்லை. பக்கத்தில் கட்டியிருந்த கப்பல்களில் சமைத்துக்கொண்டும் சரக்கு இறக்கிக்கொண்டும் இருந்தவர்களுக்கு, அடுத்து நிற்பது என்ன என்று சொல்ல அதுதான் இருந்தது.