மூன்று மணி நேர மின்தடைக்கு எந்த அளவு பேட்டரி வாங்க வேண்டும்?

நான்கு மின்விசிறிகளும் சில விளக்குகளும் ஒரு கணினியும் மூன்று மணி நேரம் இயங்க வேண்டும் என்கிறீர்கள். இவை சேர்ந்து 400 வாட் இழுத்தால் 1,200 வாட்-மணி தேவை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி இருந்தாலும், இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும், ஈய-அமில பேட்டரியை முழுவதும் வடியவிட்டால் ஆயுள் குறையும் என்பதையும் கணக்கில் எடுத்தால், கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,100 தான். ஆகவே 200 ஆம்பியர்-மணி வாங்குவதே நல்லது.

இன்வெர்ட்டர் விற்பவர்கள் பெரிதாகச் சொல்லும் வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) எண், ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதைத்தான் குறிக்கிறது. எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அன்று. கணினி அணையாமலிருக்க, மின்சாரம் போனதும் பேட்டரிக்கு விரைவாக மாறும் யூ.பி.எஸ். நிலையும், வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலையைத் தரும் சைன் அலை வெளியீடும் இன்வெர்ட்டரில் உள்ளனவா என்று பாருங்கள். குளிர்பதனப் பெட்டியை இதில் இணைக்க வேண்டாம். அதன் மோட்டார் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்.