கண்ணுக்குக் கீழே பவுடர் கோடு கோடா நிக்குதா?

அக்கா, வணக்கம். 58 வயசு, கும்பகோணத்துல பையன் கல்யாணம், பவுடர் போட்ட கொஞ்ச நேரத்துலயே கண்ணுக்குக் கீழ வெள்ளையா கோடு விழுதுன்னு எழுதியிருந்தீங்க. புது டப்பா வாங்குறதுக்கு முன்னாடி, போடுற விதத்தை மாத்திப் பாருங்க.

மாதவிடாய் நின்ன பிறகு தோல்ல எண்ணெய்ப் பசை குறைஞ்சிடும். இருக்கிற கொஞ்சத்தையும் பவுடர் உறிஞ்சி, சுருக்கத்துல போய் உக்காந்துக்கும். அன்னைக்குக் காலையில கடலைமாவு தேய்க்காதீங்க, இன்னும் வறண்டு போகும். முகம் கழுவி, ஈரம் முழுசா காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர் தடவி, பத்து நிமிஷம் விடுங்க. தொட்டா விரல் ஒட்டக்கூடாது. இந்தப் பொறுமைதான் அக்கா முக்கியம். பிசுபிசுப்பு மேல போட்டா பவுடர் திட்டுத் திட்டாத்தான் நிக்கும்.

அப்புறம் பஃப்பைப் பவுடர்ல தொட்டு, புறங்கையில தட்டி உதறிட்டு, நெத்தி, மூக்கு, தாடையில மட்டும் ஒத்துங்க. தேய்க்கவே கூடாது. கண்ணுக்குக் கீழயும், சிரிச்சா மடியிற இடத்துலயும் வேண்டாம்.

ஹோமப் புகையும் நம்ம ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தா வேர்க்கத்தான் செய்யும். வேர்வை மேலேயே மறுபடி பூசாதீங்க. பருத்திக் கைக்குட்டையால ஒத்தி எடுத்தாலே பாதி சரியாயிடும்.

நிறம் உங்க கழுத்தோட ஒத்துப்போகணும். வெளுத்த பவுடர் ஃப்ளாஷ்ல சாம்பல் பூசின மாதிரி தெரியும். முன்கூட்டியே ஒரு நாள் போட்டு, செல்போன்ல ஃப்ளாஷோட படம் எடுத்துப் பாத்துடுங்க.