வே தீவில் 30 சென்ட்: யார் பெயரில் எழுதுவது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 52. பின்னலாடைத் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, வருடத்தில் ஆறு மாதம் இந்தோனேசியாவின் வே தீவில் இபோய் கிராமத்தில் மனைவியோடு தங்க ஆசை. ஸ்கூபா டைவிங்குக்கு இரண்டு முறை போய், பிடித்துப்போன இடம். கடலோரச் சரிவில் 1,200 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 30 சென்ட், விலைக்கு வருகிறது. வெளிநாட்டவர் பெயரில் எழுத முடியாது, ஊர்க்காரர் ஒருவர் பெயரில் பத்திரம் போட்டுவிட்டுத் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்கிறாராம் தரகர். மூன்று மர அறைகள் கட்டி வாடகைக்கு விட்டால் போட்ட பணம் வந்துவிடும் என்பது இவர் கணக்கு. "யார் பெயரில் எழுதினால் பாதுகாப்பு?" என்று கேட்கிறார்.

யார் பெயரிலும் எழுதாதீர்கள். நல்ல மனிதராக இருந்தாலும் சரி, பத்து வருடப் பழக்கமாக இருந்தாலும் சரி. இதில் ஆளை நம்பலாமா என்பது பிரச்சினையே இல்லை. இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு நில அடிப்படைச் சட்டம் முழு உரிமையை, அதாவது அவர்கள் 'ஹக் மிலிக்' என்று சொல்வதை, தனிமனிதர்களில் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. நேராகவோ சுற்றுவழியிலோ அதை வெளிநாட்டவர் கைக்குக் கொண்டுபோகும் எந்த ஏற்பாடும் செல்லாது என்று அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு நிற்கவில்லை: நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. தரகர் எழுதித் தருவதாகச் சொல்லும் அந்தத் தனி ஒப்பந்தத்தை நீங்கள் ஒருநாள் நீதிமன்றத்தில் நீட்டினால், அது உங்கள் தவறுக்கு நீங்களே கொடுக்கும் சாட்சியாகத்தான் ஆகும்.

நான் இந்தோனேசியாவின் மேடான் நகரில் வேலை பார்த்த வருடங்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் வேறு ஒரு தீவில் வீடு கட்டினார். பெயர் கொடுத்தவர் தங்கமான மனிதர், கடைசிவரை ஒரு பைசா ஏமாற்றவில்லை. ஆனால் திடீரென்று இறந்துவிட்டார். மனைவி, நான்கு பிள்ளைகள், அவருடைய அண்ணன் என்று வாரிசுகள் வந்து நின்றபோது அவர்கள் யாரும் எதற்கும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை, அப்பா பெயரில் இருக்கிற நிலம் அது. நண்பர் இரண்டு பெட்டியோடு கிளம்பி வந்தார். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து மூன்று அறை, வாடகை. உங்கள் திட்டத்தில் மிகவும் பலவீனமான இடம் இதுதான். வெளிநாட்டவர் அங்கே தொழில் செய்ய 'பே தே பே எம் ஆ' (PT PMA) என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். அதில் ஒரு தொழில் வகைக்கான முதலீடு, நிலமும் கட்டடமும் சேர்க்காமல், 1,000 கோடி இந்தோனேசிய ருப்பியாவுக்கு மேல் இருக்க வேண்டும். நம் ரூபாயில் ஐந்து கோடியைத் தாண்டும். சிறு தொழில்களை ஊர்மக்களுக்கே விட்டுவைப்பதற்காகத்தான் இந்த வரம்பு, எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சரி, நிறுவனம் வேண்டாம், விசிட் விசாவிலேயே இருந்துகொண்டு வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுப்போம் என்றால், அது வேலை செய்ததாகக் கணக்காகும், பிடிபட்டால் நாடு கடத்துவார்கள். ஆகவே வாடகை வருமானம் என்ற வரியை உங்கள் நோட்டிலிருந்து இன்றைக்கே அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கிற கணக்கு உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள். இது முதலீடு இல்லை, ஆசைப்பட்ட இடத்தில் வாழ்வதற்கு ஆகும் செலவு. அப்படி நினைத்து வந்தவர்கள்தான் அங்கே நிம்மதியாக இருக்கிறார்கள்.

அப்படியானால் உங்களுக்கு ஏற்ற வழி நீண்டகாலக் குத்தகை. 'ஹக் செவா' என்பார்கள், சட்டப்படி சரியானது. ('ஹக் பகாய்' என்று இன்னொரு உரிமை, அதாவது பயன்பாட்டு உரிமை, உண்டு, 30 வருடம், பிறகு 20, பிறகு இன்னொரு 30 என்று நீட்டிக்கலாம். ஆனால் வெளிநாட்டவருக்கு அது வீட்டுக்குத்தான், அதிலும் மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். கிராமத்துக் காலி மனைக்கு அது ஒத்துவருவது அரிது.) குத்தகையை 20, 25 வருடத்துக்கு எழுதுவது வழக்கம், பெரும்பாலும் மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்பார்கள். பேசிப் பாருங்கள், கையெழுத்தின்போது பாதி, மீதி வருடாவருடம் என்று பிரித்தால் இரண்டு பக்கத்துக்கும் உறவு நீடிக்கும். 25 வருடம் போதுமா என்று கேட்காதீர்கள், அப்போது உங்களுக்கு 77.

குத்தகை ஒப்பந்தம் 'நோதாரிஸ்', அதாவது அந்த ஊர் நோட்டரி, முன்னிலையில், இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒப்பந்தத்தைச் செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போய்த் தீர்த்த வழக்கு உண்டு. நிலத்துக்காரரின் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும், பரம்பரைச் சொத்து என்றால் வாரிசுகள் அத்தனை பேரும். குத்தகைத் தொகைக்கு உண்டான 10 சதவீத வரியை யார் கட்டுவது, நீங்கள் கட்டிய வீடு முடிவில் யாருக்கு, உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவி தொடரலாமா, இது மூன்றும் எழுத்தில் வந்தாக வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால், அந்த நிலத்துக்கு என்ன காகிதம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிராமங்களில் பலர் எடுத்துக் காட்டுவது மடித்து மடித்துக் கிழிந்த ஒரு வரி ரசீது, அல்லது ஊர்த் தலைவர் முத்திரை வைத்த ஒரு கடிதம். வரி கட்டினார் என்பதற்கு ரசீது சாட்சி, நிலம் அவருடையது என்பதற்கு இல்லை. உங்களுக்கு வேண்டியது 'சர்ட்டிபிகாட் ஹக் மிலிக்' என்ற முழு உரிமைச் சான்றிதழ். அதில் 'சூராட் உக்கூர்' என்ற அளவுப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லையைக் காலால் நடந்து பாருங்கள். இந்தப் பாக்கு மரம்வரை, அந்தப் பாறைவரை என்று காட்டுவார்கள். மரம் சாயும், பாறை உருளும், படத்தில் உள்ள மூலை எங்கே என்று கேளுங்கள். அப்புறம் பக்கத்து நிலத்துக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் எதிரிலேயே எல்லைக்கல் எங்கே என்று விசாரியுங்கள். நில அலுவலகத்தின் 'செந்தூ தானாகூ' செயலியில் பல மனைகளின் எல்லையைப் பார்க்கலாம், அது துணைக்குத்தான். சர்ட்டிபிகாட் சுத்தமானதா, அடமானத்தில் இருக்கிறதா என்பதை நோதாரிஸ் மூலம் நில அலுவலகத்தில் சரிபார்த்தே தீர வேண்டும். இபோய்ப் பக்கம் இன்னொரு விஷயம்: பின்னால் காடு, முன்னால் கடல், இரண்டிலும் பாதுகாக்கப்பட்ட பகுதி இருக்கிறது. வன எல்லைக்குள் விழும் நிலத்துக்கு எத்தனை தலைமுறையாகத் தோட்டம் வைத்திருந்தாலும் சர்ட்டிபிகாட் கிடைக்காது.

கடலோரம் என்றதும் எனக்கு இன்னொரு பயம். 2016-இல் வந்த அதிபர் ஆணைப்படி உச்ச அலைக்கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரைக்காப்புப் பகுதி. உங்கள் 1,200 சதுர மீட்டரில் எவ்வளவு அதற்குள் போகிறது? முழுவதுமே போய்விடலாம். பக்கத்தில் தண்ணீருக்கு மேலேயே அறைகள் நிற்கின்றனவே என்பீர்கள். அவை நிற்கின்றன என்பதற்காக உங்களுக்குக் கட்ட அனுமதி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தரகரை விட்டுவிட்டு, தீவின் நகரமான சபாங்கில் கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

காகிதத்துக்கு வெளியே ஊர் இருக்கிறது. வே தீவு ஆச்சே மாகாணத்தில் சேர்ந்தது, ஷரியா நடைமுறையில் உள்ள இடம். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பீர் ஊற்றும் நினைப்பு இருந்தால் இந்தத் தீவு வேண்டாம். ஊர்த் தலைவரை 'கெச்சிக்' என்பார்கள், கடல் வழக்கங்களுக்கு 'பங்லிமா லாவோட்' என்ற தலைவர் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும்வரை மீன்பிடிக்கப் போவதில்லை, சுனாமி நினைவாக டிசம்பர் 26 அன்றும் போவதில்லை. அந்த நாளில் படகு கேட்டு நிற்கக் கூடாது. நோதாரிஸிடம் போவதற்கு முன்பே கெச்சிக் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, இன்னார் நிலத்தில் இத்தனை வருடம் இருக்கப் போகிறேன், தண்ணீருக்கு இப்படி, கழிவுக்கு இப்படி என்று சொல்லிவிடுங்கள். நிலத்தில் யாருக்காவது பழைய சண்டை இருந்தால் அந்தத் திண்ணையில் தெரிந்துவிடும்.

விசாவில் உங்கள் ஆறு மாதக் கணக்கு ஒத்துவரும். 60 நாள் விசிட் விசாவை அங்கேயே நீட்டித்து 180 நாள்வரை இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு மாதத்தில் 183 நாளைத் தாண்டிவிட்டால் அந்த நாட்டு வரிக் கணக்கில் நீங்கள் வந்துவிடுவீர்கள், அதனால் திரும்பும் டிக்கெட்டைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுவையுங்கள். இந்தியப் பக்கத்தில், தனிநபர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகையில் வங்கி 20 சதவீதம் வரியாகப் பிடிக்கும், அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். இங்கேயும் அந்தப் பினாமி யோசனை உதைக்கிறது: நிலம் வாங்க என்று எழுதிக்கொடுத்துப் பணம் அனுப்பியிருப்பீர்கள், நிலம் வேறொருவர் பெயரில் இருக்கும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று எதைக் காட்டுவீர்கள்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வருடம் ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, மழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் போய் இருப்பேன். நீங்கள் பார்த்தது டைவிங் நாட்கள். காற்று எழும்பினால் எதிர்க்கரையில் பண்டா ஆச்சே நகரத்தின் உலே லே துறையிலிருந்து தீவின் பலோஹான் துறைக்கு வரும் படகுகளை நிறுத்திவிடுவார்கள், காய்கறி விலை அன்றைக்கே ஏறும். பெரிய ஆஸ்பத்திரி பண்டா ஆச்சேயில், வேகப் படகில் முக்கால் மணி நேரம், வண்டி ஏற்றும் கப்பலில் இரண்டு மணி நேரம், அதுவும் கடல் சம்மதித்தால். உங்கள் கடிதத்தில் மனைவிக்குச் சர்க்கரை என்று ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. அவர் மழையில் அந்தச் சரிவில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை தரகர் முன்பணம் கேட்டால், சர்ட்டிபிகாட்டின் அளவுப் பக்கத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.