சென்னையில் இருந்துகொண்டு பைன் மரங்களைக் கலப்பினம் செய்து, வேகமாக வளரும் ரகத்தை உருவாக்க முடியுமா?

சென்னை வெயிலில் பைன் கூம்பு பிடிக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். இங்கே தொட்டியில் 'பைன்' என்று விற்பது பெரும்பாலும் அரௌகேரியா. அது வேறு குடும்பம். பைனில்தான் செய்ய வேண்டுமென்றால் கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிக்குப் போக வேண்டும்.

முதலில் ஜோடி. ஊசியிலைகள் ஐந்தைந்தாக வரும் மென்பைன் வகையும், இரண்டு மூன்றாக வரும் வன்பைன் வகையும் ஒன்றோடொன்று சேராது. ஒரே பிரிவுக்குள், ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும்படி தேர்ந்தெடுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பைனஸ் எலியோட்டியைத் தாயாகவும் பைனஸ் கரிபியாவைத் தந்தையாகவும் வைத்தது இப்படித்தான். எலியோட்டி தண்ணீர் தேங்கும் மண்ணையும் காற்றையும் தாங்கும், கரிபியா வேகமாக வளரும்.

பைனில் ஆண், பெண் கூம்புகள் ஒரே மரத்தில் இருக்கும். பெண் கூம்பு பெரும்பாலும் உச்சிக் கிளைகளில். அது மொட்டை விட்டு வெளியே தலைகாட்டும் முன்பே பையைக் கட்டிவிட வேண்டும். செதில் விரிந்த பிறகு கட்டினால் காற்றில் வந்த மகரந்தம் உள்ளே போயிருக்கும், மொத்த உழைப்பும் வீண். பாலிதீன் பை வேண்டாம், உள்ளே வெந்துவிடும். காற்றோட்டமுள்ள, மகரந்தம் புகாத பை வேண்டும். கட்டும் இடத்தில் ஊசியிலைகளை உருவிவிட்டு, பஞ்சைச் சுற்றி, அதன்மேல் கட்டுங்கள். இலையோடு சேர்த்துக் கட்டினால் அந்த இடுக்கு வழியாகவே வெளி மகரந்தம் நுழையும்.

தந்தை மரத்தின் ஆண் கூம்புகளை மஞ்சளாகி உதிரத் தொடங்கும் தறுவாயில் பறித்து, சூடில்லாத உலர்ந்த அறையில் காயவைத்துச் சலியுங்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் காற்றுப் புகாத புட்டியில் ஃப்ரீசரில் வைக்கலாம். ஈரத்தோடு வைத்தால் கட்டி தட்டிச் செத்துப்போகும். பெண் கூம்பின் செதில்கள் விரிந்து இடைவெளி தெரியும்போது ஊசியால் பையைத் துளைத்து மகரந்தத்தை ஊதி, துளையை உடனே டேப்பால் அடையுங்கள். எல்லாக் கூம்பும் ஒரே நாளில் விரியாது. அதனால் சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை ஊத வேண்டும். மகரந்தம் போதாவிட்டால் கூம்பு முதல் வருடமே உதிர்ந்துவிடும். செதில்கள் தடித்து மூடியதும் பையைக் கழற்றிவிடலாம்.

பெரும்பாலான பைனில் கருவுறுதல் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் நடக்கும். விதை முற்ற அதற்கு மேலும் சில மாதங்கள். எந்தக் கூம்பு எந்த ஜோடி என்று அழியாத அட்டை கட்டாமல் விட்டால் அறுவடையில் திண்டாட்டம். நாற்றுகளைத் தாய், தந்தை இன நாற்றுகளோடு கலந்து, பல பாத்திகளில் நட்டு ஒப்பிட்டால்தான் வளர்ச்சி கூடியதா என்று தெரியும். தேறிய மரத்தின் விதையை விதைத்தால் குணம் சிதறும். இளம் செடியை வெட்டிவிட்டு வரும் துளிர்களில் குச்சி எடுத்துப் பெருக்குங்கள். வயதான பைன் குச்சி வேர்விடுவது அரிது.

சென்னை சுற்றுவட்டாரத்துக்கு என் தேர்வு சவுக்கு. ஊசியிலை போலத் தெரிந்தாலும் அது பைனல்ல, பூக்கும் தாவரம். நம் கடற்கரைச் சவுக்கையும் ஜங்குனியானா சவுக்கையும் கலந்த ரகங்களைக் கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறது. பெரும்பாலும் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி என்பதால் வேலை எளிது. பெண் பூவின் சிவப்பு இழைகள் நீள்வதற்குமுன் பை கட்ட வேண்டும். காய் சில மாதங்களிலேயே முற்றிவிடும். பழுப்பாகத் திரும்பியதும், வெடிக்கும்முன் பறித்து நிழலில் காயவையுங்கள். விதைத்த பாத்தியில் எறும்பைத் தடுக்காவிட்டால் விதை மிஞ்சாது.