இரத்தப் பரிசோதனையில் குறையில்லை. ஆனாலும் ஓயாத களைப்பு, சிறு சத்தமும் தாங்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சிக்குன்குனியா வந்துபோன பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நானும் இப்படித்தான் இருந்தேன். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இரவெல்லாம் மூட்டை சுமந்தவனைப் போல உடம்பு அடித்துப்போட்டுக் கிடக்கும். அடுப்படியில் குக்கர் விசிலடித்தால், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என் தோள்கள் தாமாகவே காதுவரை ஏறிக்கொள்ளும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றும் சரியாக இருந்ததால், முதலில் பார்த்த மருத்துவர் "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். பிறகு பார்த்த மூட்டுவாத மருத்துவர்தான், முழங்கைக்கு அருகே கட்டைவிரலால் மெல்ல அழுத்தியதற்கே நான் துள்ளியதைக் கண்டு, பல கேள்விகள் கேட்டபின், ஃபைப்ரோமயால்ஜியா என்றார்; உடலெங்கும் வலியும் ஓயாத களைப்பும் நீடிக்கும் நோய் அது.

நம் ஊர் விளம்பரங்கள் இதையெல்லாம் "நரம்புத் தளர்ச்சி" என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுகின்றன. உண்மை ஏறக்குறைய நேரெதிர்: இங்கே நரம்பு மண்டலம் தளரவில்லை, அடங்க மறுக்கிறது; அதனால்தான் சிறு அழுத்தமும் சிறு சத்தமும்கூடப் பெரிதாகத் தாக்குகின்றன. காயத்துக்குப் பின் தண்டுவட நரம்பணுக்களே தூண்டல்களைப் பெருக்கிக் காட்டத் தொடங்குகின்றன என்பதை 1983-இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் உல்ஃப் எலிகளில் காட்டினார். களைப்புக்கான விளக்கத்தின் ஒரு பகுதி தூக்கத்தில் இருக்கிறது. கனடாவின் தூக்க ஆய்வாளர் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி, இத்தகைய நோயாளிகளின் ஆழ்ந்த உறக்கத்துக்குள் விழிப்புநிலைக்குரிய ஆல்ஃபா மூளை அலைகள் ஊடுருவுவதை 1975-இல் பதிவு செய்தார். நலமாக இருந்தவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை ஒலியெழுப்பிக் குலைத்தபோது, அவர்களுக்கும் தற்காலிகமாக உடல்வலியும் சோர்வும் வந்தன. காவல்காரன் இரவிலும் கண்மூடாத வீட்டில் விளக்கு அணைவதில்லை. எட்டு மணி நேரத் தூக்கம் எனக்குப் போதாமல் போனதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

ஆனால் எல்லாக் களைப்பையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 பார்த்தாயிற்றா, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு தடைபடுகிறதா என்பவற்றை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். எனக்கு நாளுக்கு ஏழு நிமிட நடையில் தொடங்கி மெதுவாகக் கூட்டியது உதவியது. அதை அப்படியே பின்பற்றிவிடாதீர்கள். சிறு உழைப்புக்கே மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுந்துவிடுகிறீர்கள் என்றால், அது நாட்பட்ட களைப்பு நோய்க்குறியாக இருக்கலாம். அந்நோயாளிகளுக்குப் படிப்படியாக ஏற்றும் உடற்பயிற்சித் திட்டத்தைத் தரக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021-இல் வழிகாட்டியது. ஆகவே இரண்டு வாரம், என்ன வேலை செய்தீர்கள், எத்தனை மணி நேரம் கழித்துச் சோர்வு வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து, அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.