பரிசம் யார் கொடுத்தது?

கேள்வி: ஐயா, என் பாட்டியின் தாயார் நிபோங் திபால் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். மாப்பிள்ளை வீட்டார்தாம் பணம் கொடுத்துப் பெண்ணை அழைத்துப் போனார்கள் என்று பாட்டி சொல்வார். வரதட்சணைதானே நம் பழைய வழக்கம்? பாட்டி மாற்றிச் சொன்னாரா?
– ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பாட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழரிடையே கல்யாணப் பணம் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்பதே அக்குடும்பத்தின் நிலையைக் காட்டிக் கொடுத்துவிடும். உழைத்துப் பிழைத்த சாதிகள் பலவற்றில் மாப்பிள்ளை வீட்டார்தாம் பரிசம் போட்டார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், சேலை ஆகியவற்றோடு பரிசப் பணத்தையும் தட்டில் வைத்து, நாலு பேர் முன்னிலையில் பெண்ணின் தகப்பனாரிடம் கொடுத்த பிறகே பேச்சு முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. நாற்று நடவும் கதிர் அறுக்கவும் போகிற பெண் புகுந்த வீடு போனால், பிறந்த வீட்டுக்கு ஓர் ஆள் கூலி குறைகிறதல்லவா?

வரதட்சணை பிராமணர் போன்ற மேல்தட்டுக் குடும்பங்களைச் சேர்ந்தது. ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்த மாப்பிள்ளைகளுக்கு அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கிராக்கி ஏற ஏற, வரதட்சணையும் ஏறியது. மற்றவர்கள் அதைக் கௌரவம் என்று எடுத்துக்கொண்டது பிற்பாடுதான். இன்று ‘பரம்பரை வழக்கம்’ என்று சொல்லிப் பேரம் பேசுகிறவர்கள் பலருடைய பரம்பரையில் அது இருந்ததே இல்லை.

நிபோங் திபால் அடங்கிய செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. கப்பல் செலவுக் கடனையே கூலியில் கழித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பொன் தாலி எட்டாத பொருள். அத்தகையோர் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் ஒன்றை முடிந்து கட்டினாலே கல்யாணம்தான். ஐயர் இல்லாத இடத்தில் வயதில் மூத்தவர் ஒருவர் கயிற்றை எடுத்துக் கொடுப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விதவை மறுமணத்துக்கு இந்தியாவில் 1856இல் சட்டம் வந்ததைப் பெரிய சீர்திருத்தம் என்று படிக்கிறோம். மேல்சாதிப் பெண்களுக்கு அது பெரிதுதான். ஆனால், அடித்தட்டு மக்கள் பலரிடம் ‘அறுத்துக் கட்டுதல்’ என்ற பெயரில் மறுமணம் முன்பே நடைமுறையில் இருந்தது. அந்தச் சொல்லையே மேல்சாதியார் வசவாக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

இந்தத் தோட்டத்துக் கல்யாணங்களுக்கு நேர் மறுகோடியில் நாட்டுக்கோட்டை நகரத்தார். பினாங்கில் 1857இலேயே தண்ணீர்மலைச் சாலையில் கோயில் எழுப்பியவர்கள் என்றாலும், கல்யாணத்தை அவர்கள் இங்கே வைத்துக்கொள்ளவில்லை. கிட்டங்கி என்னும் செட்டியார் தொழிலகத்தில் கணக்கு எழுதிய பையன் தவணை முடிந்து கப்பலேறி, செட்டிநாட்டில் மணம் முடித்து, மனைவியை ஊரில் விட்டுத் தனியாகவே திரும்புவான். இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டதற்கு ‘இசைகுடிமானம்’ என்று ஓலையில் எழுதிக்கொள்வார்கள். அவரவர் பிரிவுக்குரிய நகரக் கோயிலிலிருந்து மாலை வந்த பிறகே திருப்பூட்டு என்னும் தாலி கட்டுதல். கழுத்துரு என்னும் கனத்த பொன் தாலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அன்றாடம் அணிவதற்கன்று, பெட்டகத்தில் இருப்பதற்கு. அதே காலத்தில், அதே பினாங்குக் கரையில், விரலி மஞ்சளும் தாலியாக இருந்தது.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா 1890ஆம் ஆண்டளவில் பினாங்கில் திருமணம் செய்துகொண்டார். சான்றிதழ் எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: அவர் தமிழ் முஸ்லிம் என்றால் தேடிப் பார்க்கலாம், முஸ்லிம் திருமணங்களைப் பதிவுசெய்ய பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1880இல் சட்டம் வந்துவிட்டது. கிறிஸ்தவர் என்றால் தேவாலயத்துப் பதிவேட்டைக் கேளுங்கள். இந்து என்றால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். முஸ்லிம் அல்லாதவர்கள் எல்லாரும் திருமணத்தைப் பதிவுசெய்தே தீரவேண்டும் என்ற ஒரே சட்டம் மலேசியா முழுவதும் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதிதான். அதற்கு முன்பு தாலியும், கூடியிருந்து பார்த்தவர்களும்தாம் சாட்சி. வீட்டில் பழைய மொய் நோட்டு ஏதும் இருந்தால் பழைய காகிதம் என்று போட்டுவிடாதீர்கள். தேதியும் உறவுமுறையும் அதில் கிடைக்கக்கூடும்.